கேம்ஷாஃப்ட் வாங்குமுன் பார்க்க வேண்டிய ஒரே எண்

ஹார்லி டூரிங் வண்டிக்கு கேம் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) மாற்றுகிறீர்களா? பெரிய எழுத்தில் போட்டிருக்கும் லிஃப்டை, அதாவது வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பதை, விடுங்கள். கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு, கிராங்க் சுழற்சியில் எத்தனை டிகிரியில் மூடுகிறது என்று முதலில் பாருங்கள். கம்பெனி கொடுத்த ஸ்டாக் கம்ப்ரஷனில் ஓடும் ட்வின் கேம் 103, மில்வாக்கி எய்ட் 107 என்ற ஹார்லி எஞ்சின்கள் இரண்டுக்குமே, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி சுமார் 30 முதல் 38 டிகிரிக்குள் மூடும் கேம்தான் நீண்ட பயணத்துக்குத் தோது.

மூடும் கோணம் ஸ்பெக் ஷீட்டில் இல்லையென்றால், ட்யூரேஷனிலிருந்து (வால்வு திறந்திருக்கும் மொத்த டிகிரி) 180ஐயும் திறக்கும் கோணத்தையும் கழியுங்கள். ட்யூரேஷன் 230, மேல்முனைக்கு 14 டிகிரி முன்பு திறக்கிறது என்றால், மூடுவது 36. எல்லா கேமுக்கும் 0.053 அங்குல லிஃப்டில் அளந்த எண்களையே எடுக்க வேண்டும். இதைவிடக் குறைந்த லிஃப்டில் அளந்து விளம்பரத்தில் போடும் 'அட்வர்டைஸ்டு' ட்யூரேஷனைக் கலந்தால் கணக்கே தப்பு.

வால்வு மூடிய பிறகுதான் உண்மையான கம்ப்ரஷன் தொடங்குகிறது. அது தாமதமானால், குறைந்த ஆர்பிஎம்மில் மேலேறும் பிஸ்டன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். அப்படிப்பட்ட கேம் 5000 ஆர்பிஎம்மில் ஜோராக இழுக்கும். பின் சீட்டில் ஆள், பெட்டி நிறைய சாமான், 2500இல் மேடு என்றால் கியரைக் குறைக்க வைக்கும்.

பிக் போர் கிட் (பெரிய சிலிண்டர், பிஸ்டன்) போட்டோ ஹெட்டை மில் செய்தோ (அடிப்பரப்பைச் சீவியோ) கம்ப்ரஷன் விகிதத்தை 10.5:1க்கு மேல் ஏற்றியவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே சீக்கிரம் மூடும் கேம் வெயிலில் பிங்கிங் (கலவை தப்பாக வெடித்து வரும் தட்டல்) கொடுக்கும். 40 டிகிரியைத் தாண்டி மூடுவதைப் பாருங்கள்.