டிரெய்லர் வாலாட்டியது நின்ற கதை

வண்டலூர் தாண்டி 80-ஐத் தொட்டதுமே பின்னால் இழுத்து வந்த டிரெய்லர் இடமும் வலமுமாக வாலாட்ட ஆரம்பித்தது. பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன், அடங்கியது. செங்கல்பட்டில் ஓரங்கட்டித் தார்பாயை விலக்கினால், லோடுமேன்கள் ஜெனரேட்டரை டிரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால் ஏற்றியிருந்தார்கள்! பாரம் பின்னால் போனால் வாலாட்டும். முன்னால் நகர்த்திக் கட்டினேன். வண்டியோடு இணைக்கும் கொக்கியில் இறங்கும் பாரம், சுமையோடு சேர்த்து டிரெய்லரின் மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இருக்க வேண்டும். 300 கிலோவுக்கு 30. வீட்டு எடை மெஷினிலேயே பார்த்துவிடலாம். அப்புறம் திருச்சி வரை ஆட்டமே இல்லை.

இழுக்கும் வண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. டர்போ இன்ஜின் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ கருவி உள்ளது) குறைந்த ஆர்பிஎம்மிலேயே, அதாவது மெதுவாகச் சுழலும்போதே, இழுக்கும்தான். அதற்காக மேம்பாலத்தில் டாப் கியரில் முக்கவிடாதீர்கள், ஒரு கியர் இறக்குங்கள். டீக்கு நிறுத்தினால் உடனே ஆஃப் செய்யாமல் ஒரு நிமிடம் ஐடிலில் (ஆக்ஸிலரேட்டர் தொடாமல்) ஓடவிடுங்கள், ஆயில் ஓடி டர்போ சூட்டைக் குறைக்கும்.