நிலக்கடலையின் வேர்முடிச்சை அறுத்துப் பார்ப்பது எப்படி?

உயிரணு, நுண்ணுயிர், ஊட்டம் என்னும் மூன்றையும் ஒரே இடத்தில் காண விரும்பும் தொடக்கநிலையினருக்கு நிலக்கடலையின் வேரைவிட எளிய பாடம் கிடைப்பது அரிது. பல்லடம், காங்கேயம் பக்கத்து மேட்டாங்காடுகளில் ஆடிப்பட்டத்தில் விதைத்த கடலை, புரட்டாசி பிறக்கும்போது பூத்து விழுது இறக்கிக்கொண்டிருக்கும்; பார்ப்பதற்கு அதுவே ஏற்ற பருவம். களைக்கொத்து, ஒரு வாளித் தண்ணீர், புதிய பிளேடு, வெள்ளைத் தாள் ஆகியவை போதும்.

முதலில் செடியை எடுக்க வேண்டும். கையால் பிடுங்கினால் பக்கவேர்கள் அறுந்து, நாம் தேடும் முடிச்சுகள், அதாவது பாக்டீரியா குடியிருக்கும் சிறு உருண்டைகள், மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே, மண் ஈரமாக இருக்கும் நாளில் செடியைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்தி, மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். செம்மண் தானாகக் கரைந்துவிடும்.

அடுத்து, முடிச்சைத் தேடுங்கள். கடுகளவில் உருண்டையாக, பெரும்பாலும் பக்கவேர் கிளைக்கும் கணுக்களில் அது ஒட்டியிருக்கும். பக்கவேர் வெளிவரும்போது உண்டாகும் சிறு வெடிப்பின் வழியாகவே பாக்டீரியா கடலை வேருக்குள் நுழைகிறது என்பதால்தான் இந்த இடம். விரலால் தள்ளினால் முடிச்சு எளிதில் உதிர்ந்துவிடும். அவ்வாறு உதிராமல் வேரே வீங்கியிருந்தால் அது நூற்புழுவின் வேலையாக இருக்கலாம். புதியவர்கள் பலரும் குழம்பும் இடம் இது.

இனி முடிச்சைத் தாளின்மேல் வைத்து, குறுக்கே அறுத்து, உடனே நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால், உள்ளிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின் என்னும் இரும்புச்சத்துள்ள புரதத்தின் நிறம். நம் குருதியின் ஹீமோகுளோபினுக்கு உறவானது. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவின் சுவாசத்துக்கோ ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே லெக்ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, அளவாகக் கொடுக்கிறது. வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை அல்லது பயனற்றது. பச்சையோ பழுப்போ தெரிந்தால் அதன் வேலை முடிந்துவிட்டது.

நுண்ணோக்கி இருந்தால், முடிச்சின் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகத் தடவி, உலர்த்தி, சுடரின்மேல் ஓரிரு முறை காட்டி, மெத்திலீன் நீலம் என்னும் சாயத்தை ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். 1000 மடங்கு உருப்பெருக்கத்தில் கடலை முடிச்சில் காணப்படும் உருண்டை வடிவப் பாக்டீரியாக்கள் தெரியும். இத்தகைய முடிச்சுகளிலிருந்து பாக்டீரியாவை முதன்முதலில், 1888ஆம் ஆண்டில், தனியே பிரித்து வளர்த்தவர் நெதர்லாந்தின் நுண்ணுயிரியலாளர் பெய்யெரிங்க். நுண்ணோக்கி இல்லையென்றாலும் குறையில்லை. என் கணிப்பில் பாடத்தின் பெரும்பகுதி அந்த நிறத்திலேயே இருக்கிறது.

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. பாக்டீரியா தரும் அம்மோனியாவைக் கொண்டு செடி அமினோ அமிலங்களை ஆக்கி, கைம்மாறாகத் தன் சர்க்கரையைத் தருகிறது. 100 கிராம் நிலக்கடலைப் பருப்பிலுள்ள சுமார் 25 கிராம் புரதத்தில் இந்த நைட்ரஜனுக்கும் பங்குண்டு.

பூத்த செடியிலும் வெள்ளை முடிச்சுகளே மிகுந்திருந்தால், யூரியா அதிகமாகப் போடப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மண்ணில் நைட்ரஜன் மிகுந்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அடுத்த பட்டத்துக்கு, ரைசோபியம் என்னும் முடிச்சுப் பாக்டீரியா அடங்கிய பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, தாமதமின்றி விதைக்கச் சொல்லலாம்.