வேலையை விடும் முன் தொழில் பழகுங்கள்: மெஷின் ஷாப் தொடங்க நினைக்கும் இன்ஜினியருக்கு ஒரு செய்முறை

டிராயிங்கைப் பார்த்ததும் எந்த டூல், எத்தனை செட்டிங், எந்த ஃபிக்சர் என்று கடகடவென்று சொல்லிவிடுவீர்கள். அதே பீஸை என்ன விலைக்குக் கொடுத்தால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்கும் என்று கேட்டால்? பெரும்பாலான இன்ஜினியர்கள் தடுமாறும் இடம் இதுதான். விலை போடுவது, ஆர்டர் பிடிப்பது, பாக்கியை வசூலிப்பது என்ற மூன்றையும் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே கற்றுக்கொள்ளலாம். ஒரு வருடம் ஒதுக்குங்கள். கோவைப் பக்கம் விஎம்சி (உலோகத்தைச் செதுக்கும் கம்ப்யூட்டர் மெஷின்) வைத்து ஜாப் வொர்க், அதாவது மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை, தொடங்க நினைப்பவரை வைத்து எழுதியிருக்கிறோம். வேறு ஊர், வேறு மெஷின் என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் படியுங்கள்

வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டுவிட்டு பீரோவில் வைத்த காகிதம்தான். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: வேலையில் இருக்கும்போது வேறு தொழில் செய்யத் தடை உண்டா, ரகசியக் காப்பு எதையெல்லாம் உள்ளடக்குகிறது, நோட்டீஸ் காலம் எத்தனை நாள்.

வேலையை விட்ட பிறகு இதே தொழிலைச் செய்யக்கூடாது என்ற நிபந்தனை, 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆவது பிரிவுப்படி பொதுவாகச் செல்லாது. ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான தடை செல்லும். கம்பெனி டிராயிங், விலைப்பட்டியல், வாடிக்கையாளர் விவரம் ஆகியவை வேலையை விட்ட பிறகும் உங்களுடையவை ஆகிவிடாது. மனைவி பெயரில் ஜிஎஸ்டி எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் வேலை பார்ப்பது நீங்கள் என்றால் நிபந்தனையை மீறியதும் நீங்கள்தான். தடை இருந்தால் இப்போதைக்குக் கற்பதோடு நில்லுங்கள், அல்லது எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

படி 2: உங்கள் கம்பெனியிலேயே ஒரு பார்ட்டின் பின்னால் நடந்து போங்கள்

காசு கொடுத்துப் படிக்கும் எந்த வகுப்பும் இதற்கு ஈடாகாது. வெளியே கொடுத்துச் செய்யும் ஏதாவது ஒரு பார்ட்டைத் தேர்ந்தெடுத்து, பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், குவாலிட்டி, அக்கவுண்ட்ஸ் என்று அது போகும் வழியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது நடைமுறை மட்டும். வெண்டார் பெயரும் விலையும் வேண்டாம், குறித்தும் வைக்காதீர்கள்.

கவனிக்க வேண்டிய காகிதங்கள்: பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், இன்வாய்ஸ், ஜிஆர்என் (சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு), டெபிட் நோட் (சப்ளையருக்குத் தரவேண்டிய பணத்தில் பிடித்தம் செய்யும் சீட்டு). சரக்கு கேட்டுக்குள் வந்த நாளும் ஜிஆர்என் போட்ட நாளும் ஒன்றா? பல இடங்களில் கடன் நாளை எண்ணத் தொடங்குவது ஜிஆர்என் தேதியிலிருந்து. இன்ஸ்பெக்‌ஷனில் ஒரு வாரம் கிடந்தால், பேசிய 60 நாள் உங்களுக்கு 67 நாள். டெபிட் நோட் எதற்கெல்லாம் போடுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். அளவு தவறியதற்கு மட்டுமில்லை, டெஸ்ட் சர்டிஃபிகேட் வரவில்லை, துரு பிடித்திருந்தது, எண்ணிக்கை குறைந்தது என்று பல காரணங்கள் இருக்கும்.

கூடவே, பட்டியலிடப்பட்ட ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கிப் படியுங்கள். கோவையிலேயே எல்எம்டபிள்யூ, கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன், சாந்தி கியர்ஸ் இருக்கின்றன, அறிக்கைகள் இலவசம். வரவேண்டிய பாக்கியை ஆண்டு விற்பனையால் வகுத்து 365-ஆல் பெருக்குங்கள். சராசரியாக எத்தனை நாளில் அவர்களுக்குப் பணம் வருகிறது என்று தெரியும். கொடுக்க வேண்டிய பாக்கியை ஆண்டுக் கொள்முதலால் வகுத்து இதேபோல் போட்டால், சப்ளையருக்கு எத்தனை நாளில் கொடுக்கிறார்கள் என்பது தோராயமாகக் கிடைக்கும். நாளை அந்த வரிசையில் நிற்கப்போவது நீங்கள்.

படி 3: மெஷின் மணி ரேட் போடப் பழகுங்கள்

இதில் அவசரப்படாதீர்கள். கீழே உள்ளவை மாதிரி எண்கள். உங்கள் கொட்டேஷன்களை வாங்கி மாற்றிப் போடுங்கள்.

விஎம்சி 30 லட்சம். வைஸ், டூல் ஹோல்டர், கம்ப்ரசர், ஸ்டெபிலைசர், அளவுக் கருவிகள் 6 லட்சம். மொத்தம் 36 லட்சம். 8 வருடம் கழித்து 4 லட்சத்துக்கு விற்கலாம் என்று வைத்தால், தேய்மானம் மாதம் 33,300 ரூபாய். 27 லட்சம் கடனுக்கு 10.5% வட்டி, தொடக்கத்தில் மாதம் 23,600. வாடகை 25,000. ஆபரேட்டர், ஹெல்பர், போனஸ் சேர்த்து 40,000. மின்சாரம் 11,000. இன்செர்ட், கூலன்ட், ஆயில் 25,000. பராமரிப்பு 6,000. ஆடிட்டர், போன், வண்டி 15,000. உங்கள் சம்பளம் 50,000. கூட்டினால் மாதம் 2,28,900.

கடைசி வரியை அடித்துவிடத்தான் எல்லோருக்கும் கை வரும். அடிக்காதீர்கள். அது இல்லாமல் போட்ட ரேட்டை வாடிக்கையாளர் ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு ஏற்ற முடியாது.

ஒரு ஷிஃப்ட், 26 நாள், நாளுக்கு 10 மணி என்றால் 260 மணி. இதால் வகுத்தால் மணிக்கு 880 ரூபாய். தவறு இங்கேதான் நடக்கிறது. ஆர்டர் இல்லாத நாள், மெட்டீரியல் வராத நாள், மெஷின் நின்ற நேரம், ஆபரேட்டர் லீவு எல்லாம் போக, பில் போடக்கூடிய நேரம் 65% என்று வையுங்கள். அது 169 மணி. ரேட் சுமார் 1,350 ஆகிவிடுகிறது. செட்டிங்கும் லோடிங்கும் பில் போடும் நேரத்துக்குள்தான் வரும். அவற்றையும் அந்த 35% இழப்பில் சேர்த்தால் இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

இப்போது ஒரு பீஸ். சைக்கிள் டைம் 12 நிமிடம், லோடிங் 2 நிமிடம், செட்டிங் 150 நிமிடம். 20 பீஸ் ஆர்டருக்கு 240 + 40 + 150 = 430 நிமிடம்; பீஸ் ஒன்றுக்குச் சுமார் 484 ரூபாய். 200 பீஸ் என்றால் 2,950 நிமிடம். பீஸ் 332 ரூபாய். சைக்கிள் டைமை மட்டும் பார்த்தவர் இரண்டுக்கும் 270 என்று எழுதியிருப்பார். வேலை நிறைய வந்தும் காசு மிஞ்சாத ஷாப்களில் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கணபதி, ஆவாரம்பாளையம், குறிச்சி சிட்கோ பக்கம் விசாரித்தால், நடப்பு ரேட் பெரும்பாலும் உங்கள் 1,350-ஐவிடக் குறைவாகவே இருக்கும். அங்கே இரண்டு ஷிஃப்ட் ஓடும், மெஷின் கடன் முடிந்திருக்கும், ஷெட் சொந்தமாக இருக்கும், அல்லது முதலாளி தன் சம்பளத்தை எண்ணியிருக்க மாட்டார். ஒற்றை மெஷின், ஒற்றை ஷிஃப்ட், புதுக்கடன் என்று இறங்குபவர் அவர்களோடு ரேட்டில் மோத முடியாது. அதனால் எங்கள் யோசனை: முதலில் மெஷின் வாங்காதீர்கள். ஆர்டரை நீங்கள் எடுங்கள். நேரம் காலியாக இருக்கும் ஷாப்பில் ஓட்டி வாங்குங்கள். பிராசஸ் பிளானிங், இன்ஸ்பெக்‌ஷன், டெலிவரி, வசூல் உங்களுடையது. லாபம் குறைவுதான், ஆனால் இஎம்ஐ இல்லை.

படி 4: பர்ச்சேஸ் ஆட்களிடம் பேசுங்கள்

உங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு, 15 பேர் கொண்ட ஒரு பட்டியல் போடுங்கள்: பம்ப், டெக்ஸ்டைல் மெஷினரி, வால்வு, ஆட்டோமேஷன் கம்பெனிகளில் பர்ச்சேஸ் அல்லது வெண்டார் டெவலப்மென்ட் பார்ப்பவர்கள். கொடிசியா வளாகத்தில் நடக்கும் இன்டெக் கண்காட்சியில் இப்படிப் பலரை ஒரே நாளில் பார்க்கலாம்.

“நான் ஷாப் போட்டால் வேலை கொடுப்பீர்களா சார்?” என்று கேட்காதீர்கள். “கண்டிப்பா, வாங்க” என்பார்கள், அதற்கு மதிப்பில்லை. “போன மாதம் எந்தப் பார்ட் லேட்டாக வந்து லைன் நின்றது? அப்போது என்ன செய்தீர்கள்? புது வெண்டாரைச் சேர்க்க என்னென்ன காகிதம் கேட்பீர்கள்? முதல் சாம்பிளிலிருந்து ரெகுலர் ஆர்டர் வர எத்தனை மாதம் ஆகும்?” என்று நடந்ததைக் கேளுங்கள். ஒரே குறை நாலைந்து பேரிடம் வந்தால், உதாரணமாகச் சிறிய எண்ணிக்கையை யாரும் எடுப்பதில்லை என்றால், உங்கள் கடைக்கான இடம் அங்கே இருக்கிறது.

படி 5: கொட்டேஷன் எழுதுங்கள்

விலையோடு சேர்த்து எழுத வேண்டியவை: எத்தனை எண்ணிக்கைக்கு அந்த விலை, எத்தனை நாள் செல்லும், மெட்டீரியல் யாருடையது, உங்களுடையது என்றால் எந்தத் தேதி விலையில் போட்டது, ஜிஎஸ்டி தனி, வண்டி வாடகை யாருக்கு, ஃபிக்சர் செலவு யார் தருவது, கடன் நாள் எந்தத் தேதியிலிருந்து.

விட்டுப்போவது இரண்டு. ஒன்று ஸ்கிராப்: வாடிக்கையாளர் மெட்டீரியலில் ஓட்டும்போது சீவல் யாருக்கு? அலுமினியம், பித்தளையில் இது சில்லறைக் காசு இல்லை. இன்னொன்று காஸ்டிங் குறை: மேலே சுத்தமாக இருக்கும், பாதி மெஷினிங்கில் உள்ளே ஓட்டை தெரியும். அதுவரை ஓட்டிய நேரத்துக்குப் பணம் உண்டு என்று எழுதாவிட்டால் நஷ்டம் உங்களுக்கு.

ரேட்டைக் குறைக்கச் சொன்னால் சும்மா குறைக்காதீர்கள். எண்ணிக்கையைக் கூட்டச் சொல்லுங்கள், 60 நாளை 30 ஆக்கச் சொல்லுங்கள், தேவையில்லாத இடத்தில் இருக்கும் இறுக்கமான டாலரன்ஸைத் தளர்த்த முடியுமா என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைக் கேட்க இன்ஜினியருக்குத்தான் தெரியும்.

படி 6: பணம் வரும் நாளும் போகும் நாளும்

ஜூன் 10-ல் 3,00,000 ரூபாய்க்கு பில் போடுகிறீர்கள். 18% ஜிஎஸ்டி 54,000. வாங்கிய மெட்டீரியலுக்குக் கட்டிய வரி 21,600 கழிந்தால், மாதாமாதம் தாக்கல் செய்பவர் ஜூலை 20-க்குள் 32,400 கட்ட வேண்டும். வாடிக்கையாளர் பணம் செப்டம்பரில் வந்தாலும் இந்தத் தேதி மாறாது. மெட்டீரியல் விற்றவர் தன் பில்லை ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குத் தாக்கலில் ஏற்றவில்லை என்றால் அந்த 21,600-ஐயும் கழிக்க முடியாது. எனவே சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு இதையும் பாருங்கள்.

மெட்டீரியல் காத்திருப்பு 15 நாள், வேலை 10 நாள், ஜிஆர்என் 5 நாள், கடன் 60 நாள்: போட்ட காசு திரும்ப 90 நாள். மேலே போட்ட மெஷின் கணக்கில் தேய்மானத்தையும் வட்டியையும் எடுத்துவிட்டு, 84 மாதக் கடனின் இஎம்ஐ 45,500-ஐ வைத்தால் மாதச் செலவு 2,17,500. மூன்று மாதத்துக்கு ஆறரை லட்சம், மெட்டீரியல் தனி. மெஷின் கடனோடு இந்தத் தொகைக்கும் ஏற்பாடு இல்லாமல் பூஜை போடாதீர்கள்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான (எம்எஸ்எம்இ) உத்யம் பதிவு இலவசம். முதல் சப்ளைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இருக்கும் ஒரே வாடிக்கையாளர் மேல் யார் வழக்குப் போடுவார்கள் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய நாளில் கொடுக்காத தொகையை, கொடுக்கும்வரை செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மார்ச்சில் கணக்கு முடியும் முன், பிப்ரவரியிலேயே உத்யம் சான்றிதழை இணைத்து பாக்கிப் பட்டியலை மரியாதையாக அனுப்பினால், மீதியை அவர்களுடைய ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

ஜாப் வொர்க் என்பது ஜிஎஸ்டியில் சேவை. பதிவு வரம்பு 20 லட்சம். பொருள் விற்பவருக்குரிய 40 லட்சம் என்று நினைத்து இருந்துவிடாதீர்கள்.

படி 7: மானியம்

தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டம் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25% மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியில் 3% சலுகை. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியத்தை நடைமுறை மூலதனமாக எண்ணாதீர்கள். மத்திய அரசின் பிஎம்இஜிபியில் (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம்) அது மூன்று வருடம் வங்கியில் வைப்பாகவே கிடக்கும்.

படி 8: ராஜினாமாவுக்கு முன்

தனி மருத்துவக் காப்பீட்டை வேலையில் இருக்கும்போதே எடுங்கள். கம்பெனி குரூப் பாலிசி வேலையோடு முடிந்துவிடும். புது பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்பு இருக்கலாம். வீட்டுக் கடன் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முடியுங்கள். வேலையில் சேர்ந்து ஐந்து வருடம் முடியச் சில மாதங்களே பாக்கி என்றால், கிராஜுவிட்டி (பணிக்கொடை) கிடைப்பதற்காகப் பொறுங்கள். கிராஜுவிட்டி என்பது கடைசி மாதச் சம்பளத்தில் சட்டம் கணக்கில் எடுக்கும் பகுதி × 15 ÷ 26 × சர்வீஸ் ஆண்டுகள். அந்தப் பகுதி மாதம் 40,000, ஐந்து வருடம் என்றால் சுமார் 1,15,000 ரூபாய்.

கூட்டாளி உண்டென்றால் யாருக்கு எத்தனை பங்கு, பாதியில் விலகினால் பங்கு என்ன ஆகும், யார் செக்கில் கையெழுத்துப் போடுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். நண்பன்தானே என்று விட்டால், முதல் நஷ்டத்தில் நட்பும் போகும். தனியாக, ஜாப் வொர்க் மட்டும் என்றால் புரொப்ரைட்டர்ஷிப் போதும். பிரைவேட் லிமிடெட்டுக்கு விற்பனை எவ்வளவாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஆடிட் கட்டாயம்.

வீட்டுச் செலவுக்கு 12 மாதப் பணம் தொழில் கணக்கில் சேராமல் தனியாக இருக்க வேண்டும். குறைந்தது இரண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து, கேட்காமலே இரண்டாவது ஆர்டர் வந்திருக்க வேண்டும். முதல் ஆர்டர் பணம் வங்கியில் ஏறியிருக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது ஆர்டர் எடுக்க அனுமதி இல்லாதவர் இந்த இரண்டையும் வேலையை விட்ட பிறகுதான் பார்க்க முடியும். அவர் 12 மாதத்தை 18 ஆக்கிக்கொள்ளட்டும். நோட்டீஸ் கொடுத்ததும் ஒப்படைக்க வேண்டியதை எழுத்தில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாட்ஸ்அப்பில், சொந்த மெயிலில், பென்டிரைவில் கிடக்கும் கம்பெனி டிராயிங்குகளை என்ன செய்வது என்று அவர்களையே கேட்டு, அவர்கள் சொல்கிறபடி அழித்துவிட்டு, அழித்ததை ஒரு மெயிலில் தெரிவித்துவிடுங்கள்.