மாநில பட்ஜெட்டில் நம் பிள்ளைகளின் பங்கு: கேட்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு போன்றவற்றோடு வாழ்பவர்களுக்கு அமெரிக்காவில் நீண்டகால உதவி பெரும்பாலும் மெடிக்கெய்டு (ஒன்றிய அரசும் மாநிலங்களும் சேர்ந்து பணம் போடும் மருத்துவ உதவித் திட்டம்) வழியாகத்தான் வருகிறது. வீட்டுக்கு வரும் உதவியாளர், பகல்நேரப் பயிற்சி, வேலையிடத்தில் துணை, குழு இல்லம், பெற்றோருக்குச் சில மணி நேர ஓய்வு எல்லாம் இதில் அடங்கும். விதிகளை வகுப்பது வாஷிங்டன். ஆனால் எத்தனை பேருக்கு இடம், உதவியாளருக்கு மணிக்கு எவ்வளவு என்பது உங்கள் மாநிலத் தலைநகரில், சட்டமன்ற பட்ஜெட்டில் முடிவாகிறது. அங்கே கேட்கப் போகிற குடும்பங்களும் சங்கங்களும் ஆண்டுதோறும் ஒரே மாதிரித் தடுக்கி விழுகிறார்கள். தேவை நியாயமாகவே இருக்கும். அதைக் கேட்கும் நேரமும் கணக்கும்தான் பிசகுகின்றன.

கதவு சாத்திய பிறகு போய் நிற்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். 46 மாநிலங்களில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. நியூயார்க்கில் ஏப்ரல் 1, டெக்சாஸில் செப்டம்பர் 1, அலபாமாவிலும் மிச்சிகனிலும் அக்டோபர் 1. அதைப் பார்த்துவிட்டு மே மாதம் பேருந்து பிடித்துத் தலைநகருக்குப் போகிறார்கள். அதற்குள் பெரிய எண்கள் எல்லாம் உறைந்துவிட்டிருக்கும்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுநர் ஜனவரி 10-க்குள் பட்ஜெட்டை முன்வைக்க வேண்டும். மே மாத நடுவில் திருத்தம் வரும். ஜூன் 15-க்குள் சட்டமன்றம் நிறைவேற்றியாக வேண்டும். ஆனால் துறைகள் தங்கள் கோரிக்கைகளை நிதித்துறைக்கு அனுப்புவது அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில். ஜனவரி ஆவணத்தில் இடம்பெறாத ஒன்றை மே மாதத்தில் நுழைக்க வேண்டுமானால், வேறொருவரின் பணத்தை எடுத்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

டெக்சாஸில் இது இன்னும் கடுமை. சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், 140 நாட்கள் கூடுகிறது. போடுவது இரண்டு ஆண்டு பட்ஜெட். துறையின் நிதிக் கோரிக்கை அதற்கு முந்தைய இரட்டைப்படை ஆண்டின் கோடையிலேயே தயாராகிவிடும். அந்தக் கோடையைத் தவறவிட்டால் நடைமுறையில் இரண்டு ஆண்டுகள் போய்விட்டன என்று அர்த்தம்.

ஆகவே முதல் சந்திப்பு கோடையில், மாநிலத்தின் வளர்ச்சிசார் மாற்றுத்திறன் துறையோடு நடக்க வேண்டும். "அடுத்த பட்ஜெட்டுக்கு எத்தனை புதிய இடங்கள் கேட்கப் போகிறீர்கள், ரேட் உயர்வு கேட்கிறீர்களா" என்ற இரண்டு கேள்விகள் போதும். (ரேட் என்பது சேவை நிறுவனத்துக்கு மாநிலம் மணிக்குக் கொடுக்கும் தொகை.) ஒவ்வொரு மாநிலத்திலும் கூட்டாட்சிச் சட்டப்படி அமைந்த வளர்ச்சிசார் மாற்றுத்திறன் கவுன்சில் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலத்தின் பட்ஜெட் நாட்காட்டியை அங்கே கேட்டு வாங்கலாம்.

சட்டம் நிறைவேறியதும் பணம் வந்துவிட்டது என்று நினைப்பது

கொள்கைச் சட்டம் வேறு, நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் வேறு. புதிய திட்டத்தை உருவாக்கும் மசோதாவின் கடைசிப் பக்கத்தில் "நிதி ஒதுக்கப்படுமானால்" என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கைதட்டி, படம் எடுத்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்த வரி கண்ணில் படும். பணத்தை முடிவு செய்பவர்கள் ஒதுக்கீட்டுக் கமிட்டியும், அதற்குள் சுகாதாரத்தைப் பார்க்கும் துணைக் கமிட்டியும், அந்தத் துணைக் கமிட்டியின் பட்ஜெட் ஆய்வாளரும். உங்கள் தொகுதி உறுப்பினர் அந்தக் கமிட்டியில் இல்லாவிட்டால், அவரைச் சந்தித்து "துணைக் கமிட்டித் தலைவருக்கு எழுத்தில் சொல்லுங்கள்" என்று கேட்பதே பயனுள்ள கோரிக்கை.

டெக்சாஸில் கூடுதலாக ஒரு கண்ணி உண்டு. கமிட்டியில் ஒரு கோரிக்கை 'ஆர்ட்டிகிள் 11'-ல் வைக்கப்பட்டது என்றால், அது ஏற்கப்பட்டதல்ல. ஆசைப் பட்டியலில் போடப்பட்டது, பணம் இன்னும் இல்லை. அங்கிருந்து இரு அவைக் கூட்டுக் கமிட்டி எடுத்தால்தான் உண்டு.

மாநிலப் பங்கையும் மொத்தச் செலவையும் குழப்புவது

மெடிக்கெய்டு செலவில் ஒன்றிய அரசின் பங்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மாநிலத்தின் தனிநபர் வருமானத்தை நாட்டு சராசரியோடு ஒப்பிட்டு ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். சட்டப்படி 50 சதவீதத்துக்குக் குறையாது, 83-ஐத் தாண்டாது. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் ஆகியவை 50-ல் நிற்கின்றன. மிசிசிப்பிக்கு 75-க்கும் மேல்.

"எங்களுக்கு 1 கோடி டாலர் வேண்டும்" என்று சொன்னால் ஆய்வாளரின் முதல் கேள்வி, "மொத்தமா, மாநிலப் பொது நிதியா?" இதற்கு உடனே பதில் வராவிட்டால் உங்கள் தாள் அடியில் போய்விடும். 50 சதவீத மாநிலத்தில் 1 கோடி மொத்தச் செலவுக்கு மாநிலம் போட வேண்டியது 50 லட்சம். சட்டமன்றம் தேடுவது அந்த 50 லட்சத்தைத்தான். அந்த எண்ணை முதலில் சொல்லுங்கள்.

வெட்டு வரும்போது இதே கணக்கு தலைகீழாக ஓடும். பொது நிதியில் 10 லட்சம் மிச்சப்படுத்த 20 லட்சத்துக்கான சேவையை நிறுத்த வேண்டும். மீதி 10 லட்சம் ஒன்றியப் பணம், மாநிலத்துக்குள் வராமலே போய்விடும். இதைத் துணைக் கமிட்டி முன் சொல்வதில் பலன் உண்டு. "ஒன்றியப் பணம் இலவசம்தானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். மாநிலப் பங்கைத் திரட்டுவதுதான் அவர்களின் தலைவலி, அந்தச் சொல் எரிச்சலையே கொடுக்கும்.

இன்னொரு நுணுக்கம். ஒன்றியப் பங்கு ஒரு சதவீதப் புள்ளி குறைந்தாலே, அதே சேவையை அப்படியே தொடர மாநிலம் அதிகம் போட வேண்டும். பட்ஜெட் ஆவணத்தில் அது 'உயர்வு' என்று அச்சாகும். பொது நிதி வரிசையில் எண் கூடியிருப்பதை மட்டும் பார்த்து நன்றிக் கடிதம் அனுப்பிவிடக் கூடாது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பார்த்த பிறகுதான் அது உயர்வா இல்லையா என்று தெரியும்.

புதிய இடங்களுக்கு முதல் ஆண்டுச் செலவை மட்டும் கணக்கிடுவது

வீட்டிலும் சமூகத்திலும் தரப்படும் இந்தச் சேவைகள் பெரும்பாலும் 1915(சி) வெய்வர் (வழக்கமான மெடிக்கெய்டு விதிகளிலிருந்து விலக்கு) என்ற ஏற்பாட்டில் வருகின்றன. 1981-ல் வந்த ஏற்பாடு இது. எத்தனை பேருக்கு என்று மாநிலமே உச்சவரம்பு வைத்துக்கொள்ள இது இடம் தருகிறது. காத்திருப்புப் பட்டியல் பிறப்பது அந்த வரம்பில்தான். ஒவ்வோர் இடத்தையும் 'ஸ்லாட்' என்கிறார்கள்.

எடுத்துக்காட்டாக, 200 ஸ்லாட், தலைக்கு ஆண்டுச் செலவு 60,000 டாலர், 50 சதவீத மாநிலம் என்று வைத்துக்கொள்வோம். முழு ஆண்டுக்கு மொத்தம் 1 கோடியே 20 லட்சம், மாநிலப் பங்கு 60 லட்சம். ஆனால் 200 பேரும் ஜூலை 1 அன்றே சேவைக்குள் வந்துவிட மாட்டார்கள். தகுதிச் சோதனை, திட்டக் கூட்டம், உதவியாளர் தேடல் எல்லாம் முடித்து மாதாமாதம் சமமாகச் சேர்ந்தால், முதல் ஆண்டுச் செலவு ஏறத்தாழ பாதி. மாநிலப் பங்கு 30 லட்சத்தை ஒட்டி நிற்கும்.

சட்டமன்றம் மகிழ்ச்சியாக 30 லட்சம் கொடுக்கும். அடுத்த ஆண்டு ஒரே ஒரு புதிய ஆள்கூட சேராமல் அதே 200 பேருக்கு 60 லட்சம் தேவை. முன்கூட்டியே சொல்லாவிட்டால் "போன வருஷம்தானே கொடுத்தோம், இரட்டிப்பாகக் கேட்கிறார்கள்" என்ற பேச்சு எழும். அடுத்து வரும் 200 பேரின் வாய்ப்பு அங்கே அடிபடும். உங்கள் ஒரு பக்கத் தாளில் இரண்டு ஆண்டு எண்களும் அருகருகே இருக்கட்டும்.

ரேட்டை உயர்த்தினால் சம்பளம் உயர்ந்துவிடும் என்று நம்புவது

உதவியாளர் இல்லாத ஸ்லாட் காகிதத்தில் மட்டும் இருக்கும் ஸ்லாட். அதனால் சம்பளம் கேட்பது சரியே. ஆனால் மாநிலம் கொடுப்பது ரேட், சேவை நிறுவனத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று. அதிலிருந்துதான் சம்பளம் வருகிறது.

"மணிக்கு 1 டாலர் உயர்த்துங்கள்" என்றால் ரேட் எவ்வளவு உயர வேண்டும்? சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் முதலாளி பங்கு மட்டும் 7.65 சதவீதம். வேலையின்மை வரி, விபத்துக் காப்பீடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து 20 சதவீதம் என்று வைத்தால் 1.20 ஆகிறது. பயிற்சி, விடுப்பு, பயணம் என்று பில் போட முடியாத நேரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 1.32. மொத்த ரேட்டில் 10 சதவீதம் நிர்வாகச் செலவு என்றால் 1.47 வரும். ஒரு டாலர் சம்பளத்துக்கு ஒரு டாலர் மட்டும் கேட்டு வாங்கியவர்கள், உதவியாளரின் கையில் 70 சென்ட் கூட சேராததைக் கண்டு நிறுவனங்களைக் குற்றம் சொல்கிறார்கள். கோரிக்கையிலேயே பிழை இருந்தது.

மறுபுறம், பட்ஜெட் வாசகத்தில் சம்பளம் பற்றி எதுவும் எழுதாமல் ரேட்டை மட்டும் உயர்த்தினால், அது வாடகைக்கும் பழைய நஷ்டத்துக்கும் போகலாம். ஆகவே எண்ணோடு வாசகமும் கேளுங்கள்: உயர்வில் எத்தனை சதவீதம் சம்பளமாகவும் சலுகையாகவும் போக வேண்டும், எப்போது கணக்குக் காட்ட வேண்டும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். டெக்சாஸ் 2023-ல் உதவியாளர்களின் அடிப்படை ஊதியத்தை 8.11 டாலரிலிருந்து 10.60-க்கு உயர்த்தியபோது, தொகையே பட்ஜெட்டில் வந்தது. பெற்றோர்கள் அதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்க முடிந்தது.

எல்லாருக்கும் ஒரே சதவீதம் என்று கேட்பதும் சரியாக வராது. 20 டாலர் ரேட்டுக்கு 5 சதவீதம் 1 டாலர், 40 டாலர் ரேட்டுக்கு 2 டாலர். பின்தங்கிய சேவை இன்னும் பின்தங்கும்.

ஒருமுறைப் பணத்தில் நிரந்தரச் செலவை வைப்பது

2021-ன் கொரோனா நிவாரணச் சட்டம், வீடு மற்றும் சமூகச் சேவைகளுக்கு ஒன்றியப் பங்கை ஓராண்டுக்கு 10 சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்தப் பணத்தைச் செலவிட 2025 மார்ச் 31 வரை நேரம் கொடுக்கப்பட்டது. பயிற்சி, தொழில்நுட்பம், ஒருமுறை ஊக்கத்தொகை ஆகியவற்றில் போட்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை. மாதச் சம்பளத்தை அதில் கட்டியவர்கள், பணம் தீர்ந்ததும் அதே தொகையைப் பொது நிதியில் புதிதாகக் கேட்க வேண்டியதாயிற்று. எந்த உயர்வு அறிவிப்பைக் கேட்டாலும் "இது அடிப்படை ஒதுக்கீட்டில் சேருமா, ஒருமுறையா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

பட்ஜெட்டின் சின்ன வரிசைகளைப் பார்க்காமல் விடுவது

வெய்வரில் வாடகையும் சாப்பாடும் அடங்காது, ஒன்றிய விதி அப்படி. குழு இல்லத்தில் இருப்பவர் எஸ்எஸ்ஐ என்ற தன் ஒன்றிய உதவித்தொகையிலிருந்து (2025-ல் தனிநபருக்கு ஒன்றிய அளவு மாதம் 967 டாலர்) அதைக் கட்டுகிறார். போதாததை மாநிலம் தன் சொந்தப் பணத்தில் ஈடுகட்டலாம். ஒன்றியப் பங்கு வராத சின்ன வரிசை என்பதால் முதலில் வெட்டப்படுவது இதுவே. அது போனால், வெய்வர் பணம் முழுதாக இருந்தும் வீடு நடத்த முடியாது.

காத்திருப்புப் பட்டியலைத் தேவையின் கணக்காகக் காட்டுவது

டெக்சாஸின் பட்டியலில் தகுதிச் சோதனை இல்லாமலே பெயர் பதியலாம். வேறு சில மாநிலங்கள் சோதித்த பிறகே சேர்க்கின்றன. கலிஃபோர்னியாவில் 1969-ன் லாண்டர்மன் சட்டம் சேவையை உரிமையாக்கியிருப்பதால் கதையே வேறு. இவற்றை ஒப்பிட்டு "அந்த மாநிலத்தைப் பாருங்கள்" என்றால் ஒரே கேள்வியில் வாதம் உடைந்துவிடும். உங்கள் மாநிலப் பட்டியலில் எத்தனை பேர் தகுதி உறுதியானவர்கள், எத்தனை பேர் 60 வயதைத் தாண்டிய பெற்றோரோடு இருக்கிறார்கள் என்று துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இடையில் ஒன்று: வேலை மாறி வேறு மாநிலம் போனால் வெய்வரும் வரிசை எண்ணும் கூட வராது. போன முதல் வாரத்திலேயே புதிய மாநிலத்தில் பெயர் பதியுங்கள்.

மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல முயல்வது

பொது விசாரணையில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம். பிறந்ததிலிருந்து தொடங்கினால் கேட்க வந்ததைச் சொல்லும் முன் மணி அடித்துவிடும். இப்படி ஒரு வடிவம் நன்றாக வேலை செய்கிறது:

"என் மகனுக்கு 24 வயது. வாரம் 30 மணி நேர உதவி ஒப்புதலாகியிருக்கிறது. கடந்த 12 வாரங்களில் சராசரியாக வந்தது 11 மணி நேரம். மீதியை நான் என் வேலையைக் குறைத்துக்கொண்டு பார்க்கிறேன். நேரடி உதவியாளர் ரேட் உயர்வுக்கான மாநிலப் பங்கை இந்த பட்ஜெட்டில் சேர்க்கும்படி கேட்கிறேன்."

ஒப்புதலான மணி நேரத்துக்கும் உண்மையில் வந்த மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி குடும்பங்களிடம் மட்டுமே இருக்கும் தகவல். ஒரு நோட்டில் வாராவாரம் ஒப்புதல், வந்தது, வராத காரணம் என்று மூன்று நெடுவரிசை போட்டு எழுதுங்கள். இருபது குடும்பங்கள் இதைச் செய்து ஒரே தாளில் கொடுத்தால் ஆய்வாளர் அதை எடுத்து வைத்துக்கொள்வார்.

குடியுரிமை இல்லை, விசாவில் இருக்கிறோம் என்று தயங்கத் தேவையில்லை. சட்டமன்ற உறுப்பினரைச் சந்திப்பதற்கும் கமிட்டி முன் பேசுவதற்கும் குடியுரிமை கேட்கப்படுவதில்லை. தேர்தல் நன்கொடைதான் வேறு விஷயம்: கிரீன் கார்டு இல்லாதவர்கள் அதைக் கொடுக்கக் கூடாது.

கையெழுத்தானதும் கலைந்துவிடுவது

பெரும்பாலான மாநிலங்களில் ஆளுநர் பட்ஜெட்டின் தனித்தனி ஒதுக்கீடுகளை ரத்து செய்யலாம். அது தப்பினாலும், வெய்வரில் ரேட் முறையை மாற்ற மாநிலம் 30 நாள் பொதுக் கருத்துக்கு விட்டு, பிறகு ஒன்றிய மெடிக்கெய்டு அலுவலகமான சிஎம்எஸ்-இடம் திருத்தம் அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 90 நாள் உண்டு, எழுத்தில் கேள்வி கேட்டால் அந்தக் கடிகாரம் நிற்கும். ஜூலையில் பணம் இருந்தும் ஜனவரியில்தான் ரேட் மாறுவது இப்படித்தான். திருத்தம் அனுப்பப்பட்ட தேதியை ஜூலையிலேயே துறையிடம் கேளுங்கள். பொதுக் கருத்துக்கான 30 நாளில் ஒரு கடிதமாவது போடுங்கள்.

செலவாகாத பணம் ஆண்டு முடிவில் பொது நிதிக்குத் திரும்பும் மாநிலங்கள் பல. அடுத்த ஆண்டு "கொடுத்ததையே செலவு செய்யவில்லை" என்று அதே பணம் குறைக்கப்படும். செலவாகாததற்குக் காரணம் ஆள் கிடைக்காதது என்றால், அதை அவர்கள் கேட்கும் முன் நீங்கள் சொல்ல வேண்டும். அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை துறையின் செலவு அறிக்கையை வாங்கி, ஸ்லாட் எத்தனை நிரம்பியது, ஒப்புதலான மணி நேரத்தில் எத்தனை பில் ஆனது என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொண்டு துணைக் கமிட்டி ஆய்வாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்.