மரபணு நோய் பற்றி ப்ராஜெக்ட்: எங்கே தொடங்குவது, எப்படித் தேடுவது

ப்ராஜெக்ட் என்றதும் ‘மனித மரபணு நோய்கள்’ என்று பொத்தாம்பொதுவாகத் தலைப்பு எழுதிக் கொடுத்துவிடுபவர்கள் நிறைய. அதற்குள் ஆயிரக்கணக்கான நோய்கள் அடக்கம். எல்லாவற்றையும் தொட்டுவிட்டு எதையும் தெரிந்துகொள்ளாமல் போவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே ஒரு நோயை எடுங்கள்.

படி 1: நோயைத் தேர்ந்தெடுப்பது

ஒரே மரபணுவால் வரும் நோயாக இருக்கட்டும். சர்க்கரை நோய், மனச்சிதைவு போன்றவற்றில் பல மரபணுக்களும் வாழ்க்கைமுறையும் கலந்து கிடக்கும்; முதல் முயற்சிக்கு வேண்டாம். நான் இங்கே சிக்கில் செல் நோயை, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் ரத்த நோயை, எடுத்துக்கொள்கிறேன். 1910-இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் அரிவாள் வடிவ ரத்த அணுக்களைப் பற்றி எழுதியதிலிருந்து இன்றைய மரபணு சிகிச்சை வரை படிக்க விஷயம் இருக்கிறது. நம் பக்கத்துக் கதையும் உண்டு: நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய்க்கான மரபணு இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இல் வெளியிட்டார்கள்.

படி 2: எளிய பக்கம் முதலில்

மெட்லைன்பிளஸ் ஜெனிடிக்ஸ் தளத்தில் நோயின் பெயரைத் தேடுங்கள். அரை மணி நேரம் போதும். அப்புறம் ஜீன்ரிவியூஸ், இது மருத்துவர்களுக்காக எழுதப்பட்டது, பாதி புரிந்தாலே லாபம்.

படி 3: ஓமிம்

மனித மரபணுக்களுக்கும் மரபணு நோய்களுக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வைத்திருக்கும் பட்டியல் இது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எண்ணுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது மரபணுவின் பக்கம். # குறி இருந்தால் நோயின் பக்கம். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியான பீட்டா குளோபினை உருவாக்கும் எச்பிபி மரபணு 141900, சிக்கில் செல் நோய் 603903. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

படி 4: அந்த ஒரு எழுத்தைக் கண்ணால் பார்ப்பது

பலர் தாண்டிப் போகும் இடம் இதுதான், ஆனால் ப்ராஜெக்டின் உயிரே இங்கேதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ‘பீட்டா குளோபினின் 6-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின்’ என்று படித்திருப்பீர்கள். மரபணு மாற்றங்களைத் தொகுத்து வைத்திருக்கும் கிளின்வார் தளத்தில் தேடினால் 7-ஆவது இடம் என்று இருக்கும், கூடவே ‘சி.20ஏ>டி’ என்ற குறியீடும். எது சரி?

எச்பிபி மரபணுவில் புரதத்துக்கான வரிசையை மும்மூன்று எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள் (மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம்): ஏடிஜி, ஜிடிஜி, சிஏடி, சிடிஜி, ஏசிடி, சிசிடி, ஜிஏஜி. ஏழாவது கூட்டம் ஜிஏஜி. அதன் நடு எழுத்து, மொத்தத்தில் 20-ஆவது. அந்த ஏ, டி ஆக மாறினால் ஜிடிஜி, அது வேலின். முதல் ஏடிஜி தரும் மெத்தியோனைன், புரதம் உருவாகும்போதே வெட்டப்பட்டுவிடும். ரத்தத்திலிருந்து எடுத்த புரதத்தில் எண்ணியவர்களுக்கு 6 வந்தது. மரபணுவிலிருந்து எண்ணினால் 7. ஆக, இரண்டும் சரிதான். அறிக்கையில் எந்தக் கணக்கு என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

கிளின்வாரில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ‘நோய் உண்டாக்கும்’, ‘தீங்கற்றது’, ‘முக்கியத்துவம் தெரியவில்லை’ என்பதுபோல் ஒரு தரம் கொடுத்திருப்பார்கள். ஆதாரம் எந்த அளவுக்குச் சரிபார்க்கப்பட்டது என்பதற்கு நட்சத்திரம் உண்டு, அதிகபட்சம் நான்கு. ‘தெரியவில்லை’ என்றிருப்பதை நோய்க்காரணம் என்று எழுதிவிடாதீர்கள்.

படி 5: கட்டுரைகள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் ‘ரிவியூ’, ‘இலவச முழுக் கட்டுரை’ என்ற இரண்டு வடிகட்டிகளையும் போடுங்கள். முதலில் சுருக்கம், அடுத்து படங்கள், கடைசியில் செய்முறை. பழைய கட்டுரைகளுக்கு ஒரு தனி ருசி. 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் நோயாளியின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டினார்கள். மாறிய மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களிடம் (நோய் வர இரண்டு பிரதிகள் வேண்டும்) இரண்டு வகையும் கலந்திருந்தன. மாறியிருப்பது ஒரே அமினோ அமிலம்தான் என்பதை அதற்குப் பிறகு வெர்னான் இங்ராம் கண்டுபிடித்தார். இந்த வரிசையில் படித்தால் காரணம் தானாகப் பிடிபடும்.

படி 6: எழுதுவது

சறுக்கும் இடங்கள் இரண்டு. பெற்றோர் இருவருமே ஒரு பிரதி உள்ளவர்கள் என்றால் ‘நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு நோய்’ என்று எழுதுவது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் குழந்தைக்கு வந்துவிட்டால் அடுத்ததற்குக் குறையாது. இரண்டாவது, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற காஸ்கெவி சிகிச்சை பழுதான எழுத்தைத் திருத்துகிறது என்று எழுதுவது. அது பிசிஎல்11ஏ என்ற வேறொரு மரபணுவில் கைவைத்து, கருவில் இருக்கும்போது சுரக்கும் ஹீமோகுளோபினை மீண்டும் வரவைக்கிறது. சிக்கில் எழுத்து அப்படியேதான் இருக்கும்.

தெரிந்த குடும்பத்தின் வம்சாவளிப் படம் வரைவதாக இருந்தால் அவர்கள் சம்மதம் வேண்டும். பெயரோ ஊரோ வேண்டாம். கிளின்வாரிலும் ஓமிமிலும் பார்த்த தேதியை அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள். அந்தத் தரங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, வைவாவில் கேட்பார்கள்.