பக்கம் திணறினால் உடனே வில்-சேஞ்ச் போடாதீர்கள்

ஸ்க்ரோல் செய்யும்போது பக்கம் திக்கித் திக்கி நகர்கிறதா? பலர் முதலில் செய்வது, கண்ணில் பட்ட எல்லாவற்றுக்கும் சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) வில்-சேஞ்ச் போடுவது, அதாவது 'இது மாறப்போகிறது' என்று பிரவுசருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது. மீதியை ஜிபியு (படம் வரைவதற்கான சிப்) பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. நேரம் எங்கே போகிறது என்று பார்க்காமல் செய்யும் இந்த வைத்தியம் பல சமயம் நோயைக் கூட்டிவிடும்.

குரோமியத்தின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ ஆகிய மூன்று பிரவுசர் எஞ்சின்களும் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வேலை செய்கின்றன. முதலில் ஸ்டைல் கணக்கு, பிறகு லேஅவுட் (எது எங்கே, எந்த அளவில் என்ற கணக்கு), அப்புறம் பெயிண்ட் (வரைவது), கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திரைக்கு அனுப்புவது. 60 ஹெர்ட்ஸ் திரையில், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரையில், ஒரு ஃபிரேமுக்குக் (ஒரு படத்துக்குக்) கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. 120 ஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதிதான்.

வில்-சேஞ்ச்: டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, பெரிதாக்குவது போன்ற மாற்றம்) என்று எழுதினால், பிளிங்க் பெரும்பாலும் அந்த உறுப்புக்குத் தனி லேயர், அதாவது மெமரியில் தனியாக வரைந்து வைக்கும் ஒரு படம், ஒதுக்கும். ஒரு கார்டின் அளவு 360×480 என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு மூன்று பிக்சல் வைக்கும் ஃபோனில் அது 1080×1440 ஆகிவிடும். பிக்சலுக்கு 4 பைட் என்றால் ஒரு கார்டுக்கே சுமார் 6 எம்பி. திரைக்கு ரொம்ப தூரத்தில் இருப்பதை பிரவுசர் வரைந்து வைக்காது, சரி. ஆனாலும் அருகில் பத்து கார்டு இருந்தால் 60 எம்பிக்கு மேல் போய்விடும். விலை குறைந்த ஃபோனில் இது சின்ன விஷயமில்லை. போதாததற்கு, அப்படிப்பட்ட உறுப்பைப் பெரிதாக்கினால் எழுத்துகளும் மங்கலாகத் தெரியக்கூடும். கெக்கோ இதற்கு ஒரு வரம்பே வைத்திருக்கிறது: வில்-சேஞ்ச் போட்ட பரப்பு ஆவணப் பரப்பின் மூன்று மடங்கைத் தாண்டினால், கன்சோலில் எச்சரித்துவிட்டு அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் வில்-சேஞ்சை அனிமேஷன் தொடங்குவதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

பெரும்பாலான பக்கங்களில் உண்மையான வில்லன் ஜாவாஸ்கிரிப்ட்தான். 200 வரிகள் உள்ள அட்டவணை. லூப்பில் ஒரு வரியின் ஆஃப்செட்-ஹைட்டை (பக்கத்தில் அதன் உயரத்தை) படிக்கிறோம், உடனே அதன் உயரத்தை மாற்றுகிறோம், அடுத்த வரிக்குப் போகிறோம். உயரம் மாறியதால் பழைய லேஅவுட் செல்லாது. அடுத்த முறை படிக்கும்போது சரியான எண்ணைச் சொல்ல, பிரவுசர் அங்கேயே நின்று லேஅவுட்டை மறுபடி போட வேண்டும். இப்படியே 200 முறை. முதலில் எல்லா உயரத்தையும் படித்துவிட்டு, பிறகு ஒரே மூச்சில் மாற்றினால் கடைசியில் ஒரு லேஅவுட்டோடு முடிந்துவிடும். எந்த ஜிபியுவும் செய்ய முடியாத உதவி இது.

ஓர் உறுப்பின் இடத்தைச் சொல்லும் டாப், லெஃப்ட் மதிப்புகளை அனிமேட் செய்வதும் இதே ரகம். ஒவ்வொரு ஃபிரேமிலும் லேஅவுட்டைத் தொடும். டிரான்ஸ்ஃபார்மும் ஒப்பாசிட்டியும் (ஒளிபுகாமை) போதுமென்றால் அவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அளப்பதிலும் ஏமாறுகிறோம். சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) 58 என்று காட்டினால் மனம் நிம்மதியாகிவிடும். ஆனால் அதற்குள்ளேயே 100 மில்லி விநாடி எடுத்த ஒரு ஃபிரேம் ஒளிந்திருக்கலாம். பயனர் கண்ணில் உறுத்துவது அந்த ஒன்றுதான். ஃபயர்ஃபாக்ஸில் சோதிக்குமுன் அபௌட்:சப்போர்ட் பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். கம்பாசிட்டிங் என்ற இடத்தில் 'வெப்ரெண்டர் (சாஃப்ட்வேர்)' என்றிருந்தால், பக்கத்தை வரைவது ஜிபியு அல்ல, சிபியு; நீங்கள் அளப்பது சிபியுவின் வேகத்தை. குரோம் டெவ்டூல்ஸில் (பிரவுசரிலேயே உள்ள சோதனைக் கருவிகள்) சிபியுவை 4 மடங்கு மெதுவாக்கும் வசதி நல்லதுதான், ஆனால் அது ஜிபியுவையும் மெமரியையும் தொடாது. லேயர் பெருகிய பக்கம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும். யூஎஸ்பியில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு ஃபோனைச் செருகி, அதிலேயே ரெக்கார்ட் செய்யுங்கள்.