பிடித்த வீடியோ கேம்களை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது எப்படி

"சித்தி, உங்களுக்குப் பிடித்த கேம்களை எழுதிக் கொடுங்கள். விடுமுறையில் விளையாடிப் பார்க்கிறேன்" என்று அக்கா மகள் கேட்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. அன்றிரவே உட்கார்ந்து 64 பெயர்களை எழுதி அனுப்பிவிட்டேன். விடுமுறை முடிந்தது. அவற்றில் ஒன்றைக்கூட அவள் தொடவில்லை. காரணம் கேட்டபோது, "எதில் தொடங்குவது என்றே தெரியவில்லை சித்தி" என்றாள்.

அந்தப் பட்டியலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பெயர்கள், பெயர்கள், வெறும் பெயர்கள். அவை எனக்கு ஏன் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை ஒரு வாரம் எடுத்துக்கொண்டு 11 பெயர்களை மட்டும் எழுதினேன். அந்த ஒரு வாரத்தில் என்ன செய்தேன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். யாராவது உங்களிடமும் இப்படிக் கேட்டால் உதவும்.

முதல் நாள் எந்தத் திரையையும் பார்க்காதீர்கள். நீங்கள் வாங்கிச் சேர்த்த கேம்களின் தொகுப்பு, விருது பெற்றவை, மதிப்பெண் பட்டியல்கள் எல்லாம் அப்புறம். ஒரு காகிதத்தை எடுத்து, நினைவில் தானாக வருகிற பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும் சற்று நிறுத்தி, என்ன ஞாபகம் வருகிறது என்று பாருங்கள். ஓர் இடம், ஓர் ஓசை, விரல்கள் செய்த ஓர் அசைவு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் என்று ஏதாவது வந்தால் அந்தப் பெயர் இருக்கட்டும். எல்லோரும் அதைப் பாராட்டினார்கள் என்பது மட்டுமே ஞாபகம் வந்தால் அடித்துவிடுங்கள். நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடிய ஒரு பெரிய கேமை நான் அப்படித்தான் அடித்தேன். வரைபடம் முழுக்க நிரம்பியிருந்த குறிகளைத் தவிர அதிலிருந்து எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

என் காகிதத்தில் முதலில் வந்தது 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. நானும் தம்பியும் ஒரே கீபோர்டில் அதை விளையாடுவோம். அம்புக்குறி விசைகள் என்னிடம், ஷிஃப்ட் விசை அவனிடம். நான் ஓடிக் குதிக்க வேண்டும். விளிம்பைப் பற்றிக்கொள்ள வேண்டிய கணத்தில் அவன் ஷிஃப்டை அழுத்த வேண்டும். அவன் அரை நொடி தாமதித்தால் இளவரசன் கீழே முட்களில். மொத்தம் 60 நிமிடத்துக்குள் இளவரசியைச் சென்றடைய வேண்டும் என்பதால் சண்டை போடக்கூட எங்களுக்கு நேரம் இருக்காது. பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒன்று தெரியவந்தது. 1989இல் வெளிவந்த அந்த கேமை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர், தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் சொல்லி வீடியோ எடுத்து, அந்த அசைவுகளை வீடியோவின் ஒவ்வொரு படமாகப் பார்த்து வரைந்திருக்கிறார். நாங்கள் இருவரும் சேர்ந்து ஓடவிட்டது இன்னொருவரின் தம்பியை! அதை அறிந்த அன்று என் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து அரை மணி நேரம் பேசினேன். பட்டியலில் இந்த கேமுக்கு எதிரே நான் எழுதியது இந்தக் கதையைத்தான்.

அடுத்து, சிறந்தது வேறு, பிடித்தது வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' எவ்வளவு பெரிய சாதனை என்பது எனக்குத் தெரியும். 1985இல் வெளிவந்த அந்த கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இடத்தை மிச்சப்படுத்த மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். நினைக்கும்போதெல்லாம் வியக்கிறேன். ஆனால் பெரியவளான பிறகுதான் அதை விளையாடினேன், மனம் ஒட்டவில்லை. அதனால் அது என் பட்டியலில் இல்லை. அதே சமயம் 'டெட்ரிஸ்' இருக்கிறது. 1984இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய அதை அறியாதவர்கள் குறைவு. 'இதைப் போய் யாருக்காவது சொல்வார்களா' என்று தயங்கினேன். ஆனால் மனம் கலங்கிய இரவுகளில் நான் திறப்பது அதைத்தான். நான்கு நான்கு கட்டங்களால் ஆன ஏழு வடிவங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரும்போது வேறு எதையும் நினைக்க முடியாது. எல்லோருக்கும் தெரிந்தது என்பதற்காக ஒன்றை நீக்க வேண்டாம். யாருக்கும் தெரியாதது என்பதற்காக ஒன்றைச் சேர்க்கவும் வேண்டாம்.

எத்தனை பெயர் இருக்கலாம்? பத்திலிருந்து பதினைந்து போதும் என்பது என் கருத்து. குறைப்பது கடினமாக இருந்தால், ஒரே வகை மகிழ்ச்சியைத் தருகிற இரண்டை அருகருகே வைத்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரை எழுதும்போது வெளிவந்த ஆண்டையும் நீங்கள் விளையாடிய கருவியையும் சேர்த்து எழுதுவது அவசியம். 'காட் ஆஃப் வார்' என்று மட்டும் எழுதினால் 2005இல் வந்ததா 2018இல் வந்ததா என்று எப்படித் தெரியும்? 'டூம்' 1993இலும் உண்டு, 2016இலும் உண்டு. 'ரெசிடென்ட் ஈவில் 4' முதலில் 2005இல் வந்தது, பிறகு 2023இல் புதிதாக உருவாக்கப்பட்டு வந்தது. பெயர் ஒன்றானாலும் கையில் எடுத்தால் வேறு வேறு அனுபவம். கருவியைக் குறிப்பிடாவிட்டால், வீட்டில் ஒரு பழைய மடிக்கணினி மட்டும் இருப்பவர் டிவியில் இணைத்து விளையாடும் கன்சோலுக்கென்றே வந்த ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பார்.

இனி முக்கியமான வேலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று நான்கு வரி எழுத வேண்டும். 'கிராபிக்ஸ் அருமை, கதை பிரமாதம், கட்டாயம் விளையாட வேண்டும்' என்று எழுதிவிடாதீர்கள். ஆயிரம் கேம்களுக்கு அது பொருந்தும். உங்கள் அக்கா மகளோ நண்பரோ அதைப் படித்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. மூன்று விஷயங்களைச் சொல்ல முயலுங்கள். அதில் உட்கார்ந்தால் என்ன செய்துகொண்டிருப்போம்? எவ்வளவு நேரம் பிடிக்கும்? உங்களுக்கு அதில் என்ன நேர்ந்தது? மூன்றாவதை எழுதத்தான் கூச்சமாக இருக்கும். அதை எழுதாவிட்டால் அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

2018இல் வந்த 'ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்'னுக்கு நான் எழுதிய குறிப்பு இது: "1807ஆம் ஆண்டு. நீ கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். காணாமல்போய்த் திரும்பி வந்திருக்கும் ஒரு கப்பலில் ஏறுகிறாய். அதில் பயணம் செய்த 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரைப் பற்றிச் சரியாக எழுதினால்தான் சரி என்று உறுதி சொல்லும், அதனால் குத்துமதிப்பாக எழுதித் தப்பிக்க முடியாது. நான் தனியாக ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். பேச்சின் தொனி, உடை, யார் யாருடன் நிற்கிறார் என்பதையெல்லாம் கவனித்து ஒருவரின் பெயரைக் கண்டுபிடித்த அன்று இரவு 2 மணிக்குக் கைதட்டினேன்." இதைப் படித்துவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி, "நோட்டு இன்னும் இருக்கிறதா சித்தி?" இருக்கிறது. ஆனால் அவள் விளையாடி முடிக்கும்வரை காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

'ஜர்னி' 2012இல் வந்தது. அதை ஒரே மாலையில் முடித்துவிடலாம், இரண்டு மணி நேரம் போதும். மணல்வெளியில் நடக்கும்போது உலகின் எங்கோ இருந்து விளையாடுகிற இன்னொருவர் எதிரே வருவார். பெயர் தெரியாது, பேச முடியாது. ஓர் ஒலி எழுப்பலாம், அவ்வளவுதான். பனிமலையில் காற்று என்னைப் பின்னுக்குத் தள்ளியபோது, முன்னே போன அந்த முகம் தெரியாத துணை நின்று, திரும்பி வந்து, என்னோடு ஒட்டி நடந்தது. அன்று கண்ணில் நீர் வந்துவிட்டது. இதை எழுதலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு எழுதினேன். அக்கா மகள் முதலில் விளையாடியது அதைத்தான்.

எதைச் சொல்லக்கூடாது என்பதிலும் கவனம் வேண்டும். 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' போன்ற கேமில் உங்களிடம் சேரும் ஆயுதமோ சக்தியோ எதுவும் இல்லை. தெரிந்துகொள்கிற விஷயங்கள்தான் அடுத்த கதவைத் திறக்கும். ஒரு முறை தெரிந்துவிட்டால் அந்தக் கதவை முதன்முறையாகத் திறக்கும் இன்பம் போய்விடும், திரும்ப வராது. ஆகவே என் குறிப்பு மிகச் சிறியது: "ஒரு சின்ன விண்கலத்தில் கிளம்புவாய். எங்கே வேண்டுமானாலும் போ. இதைப் பற்றி வேறு எங்கும் படிக்காதே. மாட்டிக்கொண்டால் என்னைக் கேள்." ஒரு சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: முதல் அரை மணி நேரத்தில் தானே தெரிந்துவிடுவதைச் சொல்லலாம், அதற்குப் பிறகு வருவதைச் சொல்ல வேண்டாம்.

சொல்லாமல் விடக்கூடாதவையும் உண்டு. 'போர்ட்டல்' என்ற புதிர் கேம் எனக்கு உயிர், ஆனால் பாத்திரத்தின் கண் வழியாகவே எல்லாவற்றையும் பார்ப்பதால் முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. அதை எழுதி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னேன். மலையேறும் கேமான 'செலஸ்ட்' கடினமானது, ஒரே திரையில் ஐம்பது முறை விழ நேரலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே திரையின் தொடக்கத்திலிருந்து உடனே தொடரலாம். உதவி முறை என்று ஒன்றும் இருக்கிறது. வேகத்தைப் பாதிவரை குறைத்துக்கொள்ளலாம். அதைப் பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை என்று கோடிட்டு எழுதினேன். விவசாயம் செய்யும் கேமான 'ஸ்டார்டூ வேலி'யில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம், பாத்திரம் உறங்கப் போனால்தான் விளையாடியது சேமிக்கப்படும். நடுவில் அணைத்தால் அன்றைய உழைப்பு வீண். ரத்தம், திகில், கண்ணைக் கூசவைக்கும் ஒளி, இடையிடையே பணம் கேட்பது ஆகியவை இருந்தால் அவற்றையும் ஒரு சொல்லாவது எழுதிவிடுங்கள்.

முடிக்காத கேம்களைச் சேர்க்கலாமா? தாராளமாக. 'ஹாலோ நைட்'டை நான் முடிக்கவில்லை. பாதியில் நின்ற இடத்தில் மழை பெய்துகொண்டிருக்கும் ஒரு நகரம் இருக்கிறது, அங்கே எதிரிகளை விட்டுவிட்டுக் கண்ணாடி ஜன்னலருகே சும்மா நின்றிருக்கிறேன். பிடித்தது உண்மை, முடிக்காததும் உண்மை. இரண்டையும் எழுதினேன்.

வரிசைப்படுத்தும்போது 1, 2, 3 என்று எண் போடாதீர்கள். எண்ணைப் பார்த்ததும் ஏழாவது எட்டாவதைவிடக் கீழா மேலா என்று யோசனை போய்விடும். நான் நேரத்தை வைத்துப் பிரித்தேன்: ஒரே மாலையில் முடிவது, ஒரு வாரம் கூடவே வருவது, மாதக்கணக்கில் நீள்வது, இருவராக விளையாட வேண்டியது. ஒவ்வொரு பிரிவிலும் தொடங்குவதற்கு எளிதானதை மேலே வைத்தேன். பட்டியலைப் பெறுபவர் யார் என்பதைப் பொறுத்து இது மாறும். கன்ட்ரோலரையே பிடித்திராத என் அக்காவுக்குக் கொடுப்பதாக இருந்தால் 'செலஸ்ட்' கடைசிக்குப் போயிருக்கும். நான் விளையாடியவற்றில் பாதியை ஏற்கெனவே அறிந்த தம்பிக்கு என்றால் 'டெட்ரிஸ்' பற்றிய குறிப்பு மட்டும் போதும்.

கடைசியாக, தேதி போடுங்கள். பிடித்தவை மாறும். இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொன்று எழுதினால் பழையதைத் திருத்தாமல் அப்படியே வைத்திருங்கள், பக்கத்தில் வைத்துப் படிக்க அவ்வளவு சுவையாக இருக்கும். கொடுத்த பிறகு 'விளையாடினாயா, விளையாடினாயா' என்று கேட்டு நச்சரிக்க வேண்டாம். பதிலுக்கு அவர்களுடையதைக் கேளுங்கள். அக்கா மகள் நான்கு பெயர்களை எழுதிக் கொடுத்தாள். மூன்றை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒன்றுக்கு எதிரே, "இதில் ஒரு பாலம் வரும். அங்கே போனதும் என்னைக் கூப்பிடுங்கள் சித்தி" என்று எழுதியிருக்கிறாள். இன்னும் பாலத்துக்குப் போகவில்லை.